எண் தெரியும்

ஆடி மாசத்துப் பணகுடியில்
ஜன்னலைச் சாத்தினாலும் காற்று பேசும்.
வெளியே நாற்பத்தொரு காத்தாடியும் சுற்றிக்கொண்டிருக்க
திரையில் நாற்பத்தொரு கட்டமும் சாம்பல்.
பெயர் தெரியவில்லை என்கிறது யூனிக்ஸ் பெட்டி.
மத்தியானம்வரை எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்த பெட்டி.

சாயங்காலம் கரண்ட் போய் வந்ததிலிருந்து இப்படி.
காற்றாலை ஆபீசிலும் கரண்ட் போகும்,
சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் எண்ணைக் கொடுத்து பிங் அடித்தேன்.
பத்து, நாலு, சைபர், பதினேழு.
இரண்டு மில்லிசெகண்டில் 'இருக்கேன்' என்றது.
பெயரைக் கொடுத்து அடித்தேன்.
அப்படி யாருமில்லையாம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு
நின்றது அந்த யாருமில்லை.

கேபிளை உருவிச் சொருகினேன்.
ரிசால்வ் காண்ஃபைத் திறந்தேன். நேம்சர்வர் எண்
ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.
அந்த சர்வரையே டிக் போட்டுக் கேட்டேன்;
பாளையங்கோட்டையில் ஏதோ ஓர் அலமாரிக்குள்ளிருந்து
பெயருக்கான எண் சுத்தமாக வந்து விழுந்தது.
ஆக, சொல்கிறவர் சொல்கிறார்,
வழியும் திறந்துதான் கிடக்கிறது.
பிறகும் முழிக்கிறது இது,
கடை வாசலிலேயே நின்று
கடை எங்கே என்கிறவனைப் போல.

பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி டார்ச்சோடு எட்டிப்பார்த்தார்.
'காத்தாடி சுத்துதுல்லா?'
சுத்துது அண்ணாச்சி.
'பொறவு என்னத்தத் தேடுதிய?'
சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
'ரேசன் கார்டுல எம்பேர பரமலிங்கம்னுதான் போட்டிருக்கான்.
பதினோரு வருசமா அரிசி வாங்கத்தான செய்யுதேன்'
என்றபடி ரவுண்டுக்குப் போனார்.

மணி ஒன்றே கால்.
ஈடிசிக்குள் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மூடுகிறேன்.
என்எஸ்ஸ்விட்ச் காண்ஃப்:
ஒரு பெயரை யாரிடம் முதலில் விசாரிப்பது,
யாரிடம் அப்புறம் என்கிற ஒழுங்கு அங்கேதான்.
'ஹோஸ்ட்ஸ்' என்ற வரிக்கு எதிரே 'ஃபைல்ஸ்'.
அவ்வளவுதான்.
டிஎன்எஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளி.
உன் நோட்டைப் பார்,
இல்லையென்றால் இல்லையென்று சொல்.
நோட்டில் இருப்பதோ ஒரே வரி:
நூற்றிருபத்தேழு, சைபர், சைபர், ஒன்று.
தன் பெயரும் தன் எண்ணும்.

எவன் செய்த வேலை என்று
ஷிஃப்ட் முடித்துப் போன செல்வின்மேல் பொங்கிக்கொண்டு
மேலே ஏற்றிப் பார்த்தால் ஒரு குறிப்பு:
'தற்காலிகம். நாளைக்கு மாற்றணும். பொன்சீலி.'

நான்தான்.

அன்றைக்குக் காவல்கிணறு பக்கம் பள்ளம் தோண்டி
ஃபைபரை அறுத்திருந்தார்கள்.
லாகின் பண்ணும் ஒவ்வொரு தடவையும்
பதில் வராத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு
முப்பது விநாடி காத்திருந்தது பெட்டி.
அந்த முப்பதைப் பொறுக்காமல்
கேட்கிற பழக்கத்தையே வெட்டிவிட்டிருக்கிறேன்.
ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்
மூணு வாரம் பழைய ஞாபகத்திலேயே ஓடியிருக்கிறது.
இன்றைக்கு விழுந்து எழுந்த பிறகுதான்
என் உத்தரவைப் படித்திருக்கிறது.

வள்ளியூரில் வந்திறங்கிய முதல் நாள்
டீக்கடையில் விசாரிக்க மனசில்லாமல்
லேடீஸ் ஹாஸ்டலைத் தேடி
பெட்டியோடு ஒன்றரை மணி நேரம் நடந்தவள் நான்.
அது இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டாம்.

ஓர் இடைவெளி, மூன்று எழுத்து, சேவ்.
புரோகிராமை நிறுத்தி எழுப்பினேன்.
ஒன்று, நாலு, பதினொன்று,
குபுகுபுவென்று பச்சை.
நாற்பதோடு நின்றது.

இருபத்தாறு மட்டும் சாம்பல்.
பெயரைக் கேட்டேன், எண் வந்தது.
எண்ணைக் கூப்பிட்டேன்.
பதிலில்லை.

இதற்கு ஃபைல் கிடையாது.
ராதாபுரம் ரோட்டுக்கு உள்ளே
உடைமரங்களுக்கு நடுவில் நிற்கிறது அது;
எலி கடித்திருக்கும், இல்லை
காற்று பிடுங்கியிருக்கும்.
என் டார்ச்சில் பேட்டரி இல்லை.
கதவைத் தோளால் தள்ளித் திறந்து
'அண்ணாச்சீ' என்றேன்.
காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.
இன்னொரு தடவை கூப்பிட்டேன்.